மூன்றாவது வரிசையில் மகாராணி

இதை எனக்கு முதலில் சொன்னவன் என் தம்பிதான். போன மழைக்காலம் முடிந்த கையோடு ஒரு சனிக்கிழமை, சாயங்காலப் பிரார்த்தனைக்கு நான் கண்ணை மூடி உட்கார்ந்த நேரத்தில் வந்து நின்றான். கையில் வெங்காயப் பை. ஒரு காலில் அவன் செருப்பு, இன்னொரு காலில் அவன் பெண்டாட்டியின் செருப்பு. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அக்கா, நான் காலி."

"கொஞ்சம் இருடா. சாமி கும்பிட்டு முடிச்சிடறேன்."

"எனக்கும் சேர்த்துக் கும்பிடு. உயிரோட இருக்கறவங்க பக்கத்துல சேர்க்காத. போய்ச் சேர்ந்தவங்க பக்கத்துல சேர்த்துடு."

கடவுள் என்னை மன்னிக்கட்டும், பாதிப் பிரார்த்தனையில் சிரித்துவிட்டேன். மீதியை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்து டீ போட்டேன். அவன் டீயைக் குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டே சொன்னான். நான் அதிகம் படித்தவள் இல்லை. அவன் சொன்னதைத்தான் எழுதுகிறேன். எங்காவது கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தால் அது அவன் போட்டது. அவன் தொழில் அப்படி.

என் தம்பி சுற்றுலா பஸ்ஸில் கைடு. காலையில் பஸ் கிளம்பும். முதலில் ஊருக்கு வெளியே பழைய அரண்மனையின் இடிபாடுகள். மரத்தடியில் மதியச் சாப்பாடு. பிறகு வெள்ளைக்காரர்கள் கட்டிவிட்டுப் போன நகரம். அங்கே மணிக்கூண்டு, கவர்னர் மாளிகை, மூக்கு உடைந்த ஒரு சிலை. பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். "ஒரே நாளில் இரண்டு யுகம்" என்று பஸ்ஸின் பின்னால் எழுதியிருக்கும்.

இதில் ஒரு சங்கடம். அந்த அரண்மனையில் யார் இருந்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. வாசலில் ஒரு பலகை இருக்கிறது. "அரண்மனைப் பகுதி. காலம் தெரியவில்லை. கற்களைத் தொடாதீர்கள்." அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஒரு பஸ் நிறைய ஜனங்களை மதியம் வரை எப்படிச் சமாளிப்பது? வேலைக்குச் சேர்ந்த புதிதில் உண்மையைச் சொல்லிப் பார்த்தானாம். "இது ஒரு சுவர். அதோ தெரியறது, இன்னொரு சுவர்." பஸ்ஸில் தூங்கி வந்தவர்கள், முதல் சுவரில் சாய்ந்து கொஞ்சம், இரண்டாவது சுவரில் சாய்ந்து கொஞ்சம் என்று தூக்கத்தைத் தொடர்ந்தார்கள்.

அதற்கப்புறம்தான் அவன் ஒரு ராஜாவையும் ஒரு ராணியையும் உண்டாக்கினான்.

ராஜா சாது. ரொம்ப நல்லவர். நல்ல அழகர் வேறு. ராணி இருக்கிறாளே, அவள் ராஜா தும்மினால் ஏன் தும்மினீர்கள் என்று கேட்பாள், தும்மாவிட்டால் ஏன் தும்மவில்லை என்று கேட்பாள். சர்க்கரை டப்பாவுக்கு மணி கட்டி வைத்திருப்பாள், ராஜா திறந்தால் ராஜ்யம் முழுக்கக் கேட்கும்படி. ராஜா குளித்துவிட்டு வருவதற்குள் அவருடைய ஆசைப் பட்டாடை தரை துடைத்துக்கொண்டிருக்கும். மதியத்துக்கு மேல் கவர்னர் மாளிகைக்குப் போனால் அதே ராணி கவுன் போட்டுக்கொண்டு துரைசானியாகிவிடுவாள். மணி மட்டும் மாறாது. அது துரையின் பிஸ்கட் டப்பாவில் தொங்கும்.

ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இறங்கும்போது ஆண்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டார்களாம். ஒருவர் அழுதுவிட்டாராம்.

அந்த மணி கட்டிய சர்க்கரை டப்பாவை நான் பார்த்திருக்கிறேன். என் தம்பி வீட்டு அலமாரியில் இருக்கிறது. வீட்டில் வாயைத் திறக்க முடியாதவன், வேலைக்குப் போன இடத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பெண்டாட்டியைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் பூனை மாதிரி வீட்டுக்குள் நுழைவான். இத்தனை வருஷம் இப்படித்தான் ஓடியது.

ஆகவே அவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு சபதம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்தப் பஸ்ஸில் ஏறட்டும். அவள் மட்டும் ஏறக் கூடாது.

அவளோ விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஊர்ல இருக்கறவங்க எல்லாம் பாத்துட்டாங்க. என்னையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போங்களேன்."

"அங்க என்ன இருக்கு? வெறும் கல்லு."

"கல்லையாவது பாக்கறேனே."

"கல்லுக்கு அடியில பாம்பு."

"தினம் அத்தனை பேரு போறாங்களே?"

"அத்தனை பேரும் திரும்பி வர்றாங்கன்னு உனக்கு யாரு சொன்னா?"

பாம்பு போதவில்லை. முள்ளையும் சேர்த்துக்கொண்டான். அவ்வப்போது வீட்டு வாசலிலேயே ஒரு முள்ளைச் செருப்பில் குத்திக்கொண்டு நொண்டி நொண்டி உள்ளே போவான். அவள் பதறிப்போய் எடுத்துவிடுவாள். "பாத்தியா, அதான் உன்னை வேணாங்கறேன்" என்பான். அவளும் பெருமூச்சு விட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவாள். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவனுக்கே புல்லரிக்குமாம்.

அப்படி இருக்கும்போதுதான் பஸ் முதலாளி அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னப்பா கைடு, இப்ப காதுல மாட்டிக்கற கருவி ஒண்ணு வந்திருக்கு தெரியுமா? பட்டனை அமுக்கினா அதுவே எல்லாத்தையும் சொல்லுது. லீவு கேக்காது, டீ கேக்காது."

"ஐயா, அது சிரிக்க வைக்குமா?"

"அதைத்தான் நானும் பாக்கணும். சனிக்கிழமை நானே பஸ்ல வரேன். நீ பேசறதைக் கேட்டு ஜனங்க சிரிச்சா நீ இரு. சிரிக்கலைன்னா கருவி இருக்கட்டும்."

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வயசில் வேறு எந்த வேலைக்குப் போவான்? சுவரைக் காட்டத் தெரியும், இன்னொரு சுவரைக் காட்டத் தெரியும். பெண்டாட்டியிடம் சொன்னால் பயந்துவிடுவாள் என்று அவளிடமும் மூச்சு விடவில்லை.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா," என்றேன்.

"உங்கிட்ட சொன்னா நீ சாமிகிட்ட சொல்லுவ. சாமிக்கு எதுக்கு வீணாக் கவலை?"

சனிக்கிழமை வந்தது. பஸ் கிளம்பியது. முதலாளி முன் சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பி நல்லதாக ஒரு சட்டை போட்டுக்கொண்டு, மனசுக்குள் மணிக் கதையை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, வழக்கம்போல் தலைகளை எண்ணத் தொடங்கினான்.

"எட்டு, ஒன்பது, பத்து, பதினொண்ணு, நீ!"

மூன்றாவது வரிசை ஜன்னலோரம். தலையில் வெயிலுக்குத் தொப்பி. மடியில் புதுக் கைப்பை. அவள்தான்.

"பதினொண்ணுக்கு அப்புறம் பன்னிரண்டுங்க," என்றாள்.

பின்னால் ஒரு குழந்தை சிரித்தது. அன்றைக்கு அவனுக்குக் கிடைத்த முதல் சிரிப்பு அதுதான். ஓட்டுநரைப் பார்த்தான். ஓட்டுநர் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார். அவருக்கும் வேர்த்திருந்தது. அதற்குக் காரணம் வேறு. பின்னால் சொல்கிறேன்.

இடிபாடுகள் வந்தன. எல்லோரும் இறங்கினார்கள். வாசலுக்குப் பக்கத்தில் நீளமான ஒரு கல். ராஜாவை ராணி வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியதும் அவர் படுத்துக் கிடந்த கல் என்று வழக்கமாகச் சொல்வான். அங்கேதான் முதல் பெரிய சிரிப்பு வரும். அன்றைக்கு அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு,

"இதுதான் தங்க மனசுக்காரியான மகாராணி, ராஜாவை உக்கார வெச்சு, தன் கையாலயே விசிறி வீசின இடம்," என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. எங்கோ ஒரு காக்கை கத்தியது. முதலாளி வாட்சைப் பார்த்தார்.

"என்னங்க இது!" என்று ஒரு குரல். பச்சைக் குடை பிடித்த ஒரு அம்மா. "போன தடவை வேற மாதிரி சொன்னீங்க! ராணி அவரை வெளிய தள்ளிட்டா, ராஜா தலையணையும் கையுமா நின்னாருன்னு சொன்னீங்க! அதைக் கேக்கறதுக்குன்னே என் நாத்தனாரைக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

"அது... வேற ராணிங்க."

"ஒரே கல்லுதானே?"

"இவங்க நல்ல ராணி. பொறுமைசாலி. பாசக்காரி. சிக்கனம்..."

நாத்தனார் கொட்டாவி விட்டார். கொட்டாவி ஒட்டுவாரொட்டி மாதிரி. அங்கிருந்து கிளம்பி வரிசையாகப் போய் முதலாளி வாயில் முடிந்தது. முதலாளி வாயை மூடிக்கொண்டு, "கருவி நல்லாத்தான் இருக்கும்போல," என்று தனக்குள் சொல்லிக்கொண்டது தம்பி காதில் விழுந்தது.

இந்தப் பக்கம் பார்த்தால் வேலை போகிறது. அந்தப் பக்கம் பார்த்தால் அவள் முகவாயில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். யோசித்துப் பார்த்தான். வேலை போனால் நாள் முழுக்க வீட்டில் இருக்க வேண்டும். வீட்டில் அவள் இருப்பாள். அதற்கு இதுவே தேவலை என்று கண்ணை மூடிக்கொண்டு,

"ராணி ராஜாவை வெளிய தள்ளிட்டாங்க," என்றான்.

"கைடு சார், ஒரு சந்தேகம்."

அவள்தான். கையைத் தூக்கியிருந்தாள்.

"அக்கா, சார்னு கூப்பிட்டா அக்கா! கல்யாணம் ஆன நாள்ல இருந்து 'இங்க பாருங்க'ன்னுதான் கூப்பிட்டிருக்கா." என்று தம்பி என்னிடம் பதறினான்.

"கேளுங்க... மேடம்."

"வெளிய தள்ளற அளவுக்கு ராஜா என்ன பண்ணாரு?"

"ஒண்ணுமே பண்ணலைங்க."

"ஒண்ணுமேவா?"

"காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒண்ணுமே பண்ணலை."

"அதான் தள்ளியிருக்கா."

கூட்டத்துக்கு ஒரு நிமிஷம் ஆனது. பிறகு பச்சைக் குடை அம்மா குடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். நாத்தனார் சிரித்தார். ஆண்கள் தங்கள் பெண்டாட்டிகளைப் பார்த்துக்கொண்டு ஜாக்கிரதையாகச் சிரித்தார்கள். முதலாளி கட்டியிருந்த கை அவிழ்ந்தது.

அடுத்தது கல்தொட்டி. "இதுலதான் ராஜா குளிச்சாரு."

"குளிச்சிட்டு ஈரத்துண்டை எங்க போட்டாரு, கைடு சார்?"

"அது சரித்திரத்துல இல்லைங்க மேடம்."

"கட்டில் மேலதான் போட்டிருப்பாரு. அதான் கட்டில் மக்கிப் போச்சு. எல்லா அறையும் இருக்கு, ஒரு கட்டிலாவது இருக்கா பாருங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நிஜமாகவே ஒரு கட்டிலும் இல்லை. ஒரு பெரியவர் அதை ஒத்துக்கொண்டு தலையாட்டினார்.

கடைசியாகக் கூரை இல்லாத பெரிய மண்டபம். என் தம்பி இங்கே எப்போதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு காலத்தின் கொடுமையைப் பற்றிக் கொஞ்சம் உருக்கமாகப் பேசுவான்.

"இவ்வளவு பெரிய அரண்மனை எப்படி அழிஞ்சதுன்னு யாருக்கும்..."

"எனக்குத் தெரியுமே," என்றாள் அவள். "கூரை ஒழுகுது, கூரை ஒழுகுதுன்னு ராணி சொல்லிட்டே இருந்திருப்பா. ராஜா 'நாளைக்குப் பாக்கறேன்'னு சொல்லியிருப்பாரு."

பெண்கள் எல்லாம் கை தட்டினார்கள். முதலாளி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டார். தொடக் கூடாத தூண். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்குப் பாக்கறேன்! நாளைக்குப் பாக்கறேன்!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் வீட்டிலும் ஏதோ ஒழுகுகிறது போலிருக்கிறது.

சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரிப்பு இவனைத் தாண்டிப் போய் அவளிடம் நின்றுவிட்டதே! மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் மரத்தடியில் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தபோது இவன் மெதுவாக அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"நீ எப்படி வந்த?"

"டிக்கெட் எடுத்துத்தான். முட்டை வேணுமா?"

"பாம்பு இருக்கும்னு சொன்னேனே."

"ஒண்ணையும் காணோம். முள்ளும் இல்லை. நீங்க கால்ல குத்திட்டு வந்தது எல்லாம் நம்ம வீட்டு ரோஜாச் செடி முள்ளு. நாந்தானே செடி வெச்சேன், எனக்குத் தெரியாதா?"

இவன் எடுத்த முட்டையைப் பொட்டலத்திலேயே திருப்பி வைத்தான்.

"அந்த ராணி..." என்று ஆரம்பித்தான்.

"ஆமாங்க, என்ன பொம்பளை அவ! சர்க்கரை டப்பாவுக்கு யாராவது மணி கட்டுவாங்களா? எந்த வீட்டுக்காரியோ, பாவம் அந்த மனுஷன்."

இவன் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். பால் மாதிரி இருந்தது. ஒரு சுழிப்பு இல்லை.

"நான் அப்படியா?" என்று கேட்டாள்.

"சேச்சே! நீ எங்க, அவ எங்க!"

"அப்புறம் எதுக்குப் பயந்து பயந்து சொல்றீங்க? மத்தியானம் நல்லா சத்தமாச் சொல்லுங்க. முதலாளி பாக்கறாருல்ல."

என் தம்பி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "அக்கா, அவளுக்குப் புரியவே இல்லைன்னு நெனைச்சேன்."

"அவளுக்கா?"

"நெனைச்சேன் அக்கா."

"அவ உன் சட்டைக் காலரைப் பாத்தே நீ எந்தக் கடையில டீ குடிச்சன்னு சொல்லுவாளேடா."

"நெனைச்சுட்டேன். என்ன பண்ணச் சொல்ற?"

மனிதனுக்குப் பயம் விட்டுப் போனால் எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள். மதியம் கவர்னர் மாளிகையில் அவன் சிங்கமாகிவிட்டான். அகலமான தெரு, மர ஜன்னல், வெள்ளைத் தூண், எதையும் விடவில்லை. துரைசானி துரையின் தொப்பியில் செடி வளர்த்தாள் என்றான். துரை மீசையை முறுக்குவதற்கும் அனுமதி கேட்க வேண்டும் என்றான். கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க இவனுக்கு வேகம் கூடியது.

மாளிகையின் பின்பக்கம் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. குனிந்துதான் போக முடியும். அந்தக் கதவுக்கு ஒரு கதை வைத்திருந்தான். அதுதான் நாளின் கடைசிக் கதை, இருப்பதிலேயே பெரிய கதை. அவன் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் போனதும், தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தின் பின்னால் வந்த ஓட்டுநர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். இவன் அதை உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டான்.

"இந்தக் கதவு எதுக்குன்னு நினைக்கறீங்க?"

"எதுக்கு, கைடு சார்?" என்றாள் அவள்.

"ஞாயித்துக்கிழமை தோறும் துரை இது வழியாத்தான் நழுவுவாரு. கோட்டையில வேலை இருக்குன்னு துரைசானிகிட்ட சொல்லிட்டு."

"ஐயோ பாவம், ஞாயித்துக்கிழமையும் வேலையா?"

"அதாங்க வேடிக்கை! ஞாயித்துக்கிழமை கோட்டைக்குப் பூட்டு. ஒரு ஈ காக்கா போகாது."

சிரிப்பு.

"அப்ப துரை எங்கதான் போவாரு?"

"வண்டிக்காரன் அறைக்கு. லாயத்துக்கு மேல. ஏணி வெச்சு ஏறணும்."

"ஏறி?"

"ஏறி உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் கேரம்தான்! வண்டிக்காரன் கள்ள ஆட்டம் ஆடுவான், அது வேற விஷயம். ஆனா சிவப்புக் காயைப் போட்டா துரைக்கு வர்ற சந்தோஷம் இருக்கே..."

சொல்லிக்கொண்டே வந்தவன் அங்கே நின்றான். வாய் மட்டும் திறந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பஸ் ஓடாது. அது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். என் தம்பி வீட்டில் மட்டும் இத்தனை வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் கல்யாணம் ஆகாதவர். பஸ் ஷெட்டுக்கு மேல் ஒரு அறையில் இருக்கிறார். ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும்.

"கவர்னர் காலத்துல கேரம் போர்டு இருந்துச்சா, கைடு சார்?" அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"இருந்திருக்கும்... மரம் இருந்துச்சில்ல..."

"துரைசானி ஞாயித்துக்கிழமை சாப்பாடு கட்டிக் கொடுத்திருப்பாளா?"

"கொடுத்திருப்பா."

"ரெண்டு பேருக்கா?"

"வண்டிக்காரனுக்கும் சேத்து."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முதலாளி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஓட்டுநரைக் காணவில்லை. மூக்கு உடைந்த சிலைக்குப் பின்னால் தண்ணீர்க் கேன் மட்டும் தெரிந்தது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒன்று இவன். இன்னொன்று அவள்.

திரும்பும் வழியில் அவன் பஸ்ஸின் கடைசிப் படியில் நின்றுகொண்டே வந்தானாம். ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்தால் எவ்வளவு அடிபடும் என்று யோசித்தானாம். பஸ் நின்றதும் முதலாளி அவன் தோளில் கை போட்டார்.

"கருவியெல்லாம் வேணாம்பா. என் வாழ்நாள்ல இப்படிச் சிரிச்சதில்லை."

"ஐயா!" இவனுக்கு உயிர் பாதி வந்தது.

"ஆனா ஒண்ணு. நீ தனியா வேணாம். அந்தத் தொப்பி போட்ட அம்மாவும் தினமும் வரணும்."

"ஐயா, அவங்க... அவங்க என் சம்சாரம்."

"தெரியுமே."

"தெரியுமா?"

"காலையில ஏறும்போதே எங்கிட்ட வந்து சொன்னாங்களே. 'முதலாளி, இவரு பயந்தா சுவரைப் பத்தித்தான் பேசுவாரு. கேள்வி கேட்டுக் கிளறினாத்தான் நல்லாப் பேசுவாரு. நான் முன்னால உக்காந்து கிளறிவிடறேன், நீங்க கேட்டுட்டு முடிவு பண்ணுங்க'ன்னு."

வந்த பாதி உயிரும் திரும்பிப் போனது. வீட்டுக்கு எப்படி வந்தான் என்று அவனுக்கே தெரியாது. அவள் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அடுப்பைப் பற்ற வைத்தாள். இவன்தான் தாங்க மாட்டாமல் கேட்டான்.

"உனக்கு எப்படித் தெரியும்? யாரு சொன்னா? டிரைவரா?"

"நீங்கதான்."

"நானா? எப்ப?"

"தினமும். படுத்துக் கண்ணை மூடினதும் ஆரம்பிச்சிடுவீங்க. 'வாங்க, வாங்க, இந்தப் பக்கம் பாருங்க'ன்னு கையை வேற நீட்டுவீங்க. காலையில அரண்மனை, மத்தியானம் மாளிகை, ஒரு கல்லை விடமாட்டீங்க. உங்க பஸ்ல டிக்கெட் வாங்காம இத்தனை வருஷம் டூர் போன ஒரே ஆளு நான்தான்."

"அப்ப... கேரம்?"

"சிவப்புக் காயைப் போட்டுட்டு என் முதுகுல தட்டுவீங்க."

அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அவள் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

"கருவி வரப் போகுதுன்னு அழுததும் தூக்கத்துலதான். முழிச்சிருக்கறப்ப ஒரு வார்த்தை சொன்னீங்களா? நான் என்ன அந்த ராணியா?"

இதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் உடைந்ததாம். இவன் பக்கத்தில் போய், "இல்லம்மா, நீ..." என்று ஆரம்பித்தானாம். அதற்குள் அவள் வெங்காயப் பையை நீட்டி, "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. கோட்டையில வேலை இருக்காதுல்ல? போய் வெங்காயம் வாங்கிட்டு வாங்க," என்றாளாம்.

அப்படி வந்தவன்தான் என் முன்னால் நின்றான். நான் என்ன சொல்வது? அவளை என்னால் குறை சொல்ல முடியவில்லை. கூடப் பிறந்தவன், அவனையும் விட முடியவில்லை. அவன் தூக்கத்தில் பேசுகிறவன் என்று அவனிடம் இதுவரை யாரும் சொன்னதில்லையாம். சின்ன வயசில் ஒரே பாயில் படுத்திருந்தவள் நான். அவன் எங்கெங்கே மாங்காய் திருடினான் என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்று நினைத்தானோ! டீயைச் சுட வைத்துக் கொடுத்து, செருப்பை மாற்றிப் போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டு, விட்ட பிரார்த்தனையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டு பேருக்கும் சேர்த்தேதான்.

அவன் வேலைக்கு இப்போது ஒரு குறையும் இல்லை. தினமும் இரண்டு பேரும் சேர்ந்துதான் போகிறார்கள். முதல் வாரம் இவன் கதை சொன்னான், அவள் சந்தேகம் கேட்டாள். இரண்டாவது வாரம் அவள் கதை சொன்னாள், இவன் சந்தேகம் கேட்டான். மூன்றாவது வாரம் இவனுக்குச் சந்தேகமே வரக் கூடாது என்று மைக்கை வாங்கிக்கொண்டாள். முதலாளி அட்டையில் ஒரு கிரீடம் செய்து கொடுத்திருக்கிறார். அதை வைத்துக்கொண்டு என் தம்பி கூரை இல்லாத அந்த மண்டபத்தின் நடுவில் நிற்கிறான். அவள் எல்லாச் சுவரையும் காட்டி முடித்துவிட்டுக் கடைசியாக அவனைக் காட்டுகிறாள்.

"இதுவும் பழசுதான். இதை மட்டும் தொட்டுப் பாக்கலாம்."

நீங்கள் யாராவது அந்தப் பஸ்ஸில் போனால் அவனோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. எடுத்து முடித்ததும் அவனுக்கு ஒரு வாய் தண்ணீர் மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள்.